நான் சாறிபாத் இல்லத்துப் பிள்ளை அல்ல என்பது பற்றி

நகுரு,
மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம்.

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய, சாறிபாத் குழந்தைகள் இல்லத்தின் இயக்குநர் ஒபதியா சிஃபுனா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நானும் என் மனைவி பெரிஸும் இங்கே உயிரோடிருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், இல்லத்துப் பிள்ளைகளும் மாடுகளும் நலம் என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. 'அன்புள்ள அண்ணன்' என்று தொடங்காமல் 'இயக்குநர் அவர்கள்' என்று தொடங்கியிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்க வேண்டும் என்றுதான் அப்படித் தொடங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை என் மகன் காலேப் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரு பை சர்க்கரையும் ஒரு பொட்டலம் தேயிலையும் எடுத்துக்கொண்டு தங்கள் இல்லத்துக்கு வந்தான். தங்கள் இல்லத்தில் வளர்ந்து, இப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலையில் இருக்கும் நமால்வா என்ற பெண்ணை முறைப்படி கேட்பதற்காக வந்தான். பையன் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாங்கள் வாசலிலேயே, "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று கேட்டிருக்கிறீர்கள். "எசேக்கியா லுஸ்வெத்தி மகன் சார். நகுருல வாத்தியாரா இருக்காரு" என்று இவன் சொல்லியிருக்கிறான். உடனே தாங்கள், "எசேக்கியாவா? நம்ம எசேக்கியாவா? அடேய், அப்ப நீ நம்ம வீட்டுப் பிள்ளைடா!" என்று கத்தி, அவனைக் கட்டிப்பிடித்து, அவன் சட்டையில் கண்ணீர் விட்டு, இருந்ததிலேயே பெரிய சேவலை அறுக்கச் சொல்லி, வீட்டில் மதிப்புள்ளவனுக்கென்று ஒதுக்கும் இரைப்பையை அவன் தட்டில் வைத்து, அவன் அதை மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அதற்குப் பிறகுதான், "சரி ராஜா, எந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவன் பெயரைச் சொன்னான். தாங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, அவ உனக்கு அத்தைடா!" என்றீர்களாம்.

என் மகனுக்கு வயது இருபத்தேழு. அத்தைக்கு இருபத்துநான்கு.

அத்தோடு விட்டீர்களா என்றால், இல்லை. அந்தப் பெண்ணையும் வரவழைத்து, "இவன் உன் அண்ணன் மகன்மா" என்று அறிமுகம் செய்து, இவனிடம், "எழுந்து நின்னு அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லியிருக்கிறீர்கள். இவனும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வளர்த்த விதம் அப்படி. "அவ முதல்ல சிரிச்சாப்பா. அப்புறம் அழுதா. அழுதுகிட்டே எனக்கு டீ ஊத்திக் குடுத்தா" என்கிறான். அன்றிலிருந்து வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளும் போனை எடுப்பதில்லை. 'என்னை வளர்த்த வீடு வேண்டாம் என்று சொன்னால் நான் என்ன செய்வது' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாள். இந்தப் பெண் இல்லையென்றால் அவன் வேறு பெண்ணைப் பார்க்க மாட்டான். அவன் தாயாரின் பிடிவாதம் அவனுக்கு. என் பிடிவாதம் என்று பெரிஸ் சொல்கிறாள்.

தங்கள் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நம் பக்கத்தில் எவனும் சொந்தக் குலத்தில் பெண் எடுப்பதில்லை. குலம் எதுவென்றே தெரியாத பிள்ளைகளை ஒரு வேலிக்குள் வைத்துக்கொண்டு, இல்லத்தை நடத்திய போதகர் நெகேமியா வேறு என்ன செய்வார்? "இந்த வேலிக்குள்ள வளர்ந்தவங்க எல்லாரும் ஒரே குலம். நீங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டக்கூடாது, உங்க பிள்ளைங்களும் கட்டக்கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து சட்டம் போட்டுவிட்டார். நல்ல சட்டம்தான். குலம் இல்லாதவனுக்குக் குலம் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது. நான் சாறிபாத் இல்லத்துப் பிள்ளை அல்ல, அங்கே சில காலம் தங்கியிருந்த விருந்தாளி என்பதைத் தங்களுக்கு நினைவூட்டவே இந்தக் கடிதம்.

முதல் ஆதாரம், நான் வந்த விதம். என் தாய்மாமன் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, "சோளம் அறுக்கற வரைக்கும் வச்சுக்குங்க, அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றுதான் சொன்னார். தாங்களும் அப்போது வேலிமேல் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டு அதைக் கேட்டீர்கள். மாமா வரவில்லை என்பது வேறு விஷயம். அந்த ஆண்டு சோளத்தை நானும் நீங்களும்தான் அறுத்தோம், அடுத்த ஆண்டும் அறுத்தோம், நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை பன்னிரண்டு முறை அறுத்தோம் என்பதும் வேறு விஷயம். விருந்தாளி நீண்ட நாள் தங்கிவிட்டால் விருந்தாளி இல்லையென்று ஆகிவிடாது. ஒவ்வோர் அறுப்பிலும் நான் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் அறுத்தேன். நீங்கள் என் வரிசையையும் சேர்த்து அறுத்துவிட்டு, "ரோட்டைப் பாத்தா சோளம் தானா விழுமாடா சோம்பேறி?" என்று என் முதுகில் தட்டையால் அடித்தீர்கள். அந்த அடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஆதாரம், முயல். போதகருக்கு 'சொந்தக் கால்' என்ற வார்த்தை பிடித்துக்கொண்ட காலம் நினைவிருக்கும். கடல் தாண்டி யாரோ அனுப்பும் மாவுக்கும் பழைய காலணிக்கும் காத்திருக்கக் கூடாது, வேதாகமத்தில் வரும் சாறிபாத் விதவையின் பானையில் பஞ்சத்திலும் மாவு குறையவில்லை, நம் பானையில் மட்டும் ஏன் வியாழக்கிழமையே தீர்ந்துபோகிறது என்று கேட்டு, கூட்டம் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி முயல் என்று கொடுத்தார். முயல் பெருகும், நாம் தின்போம், மீதியை விற்போம் என்பது ஏற்பாடு. எல்லோருக்கும் ஆணும் பெண்ணுமாகக் கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்ததில் மட்டும் இரண்டும் ஆண். நான் வீட்டுப் பிள்ளை என்றால் பார்த்துக் கொடுத்திருக்க மாட்டார்களா? ஓர் ஆண்டு முழுவதும் அவற்றுக்குப் புல் அறுத்துப் போட்டு, பெருகட்டும் என்று காலை ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபித்தோம். ஆண்டவருக்கே தர்மசங்கடமாக இருந்திருக்கும். கடைசியில் கால்நடை ஆய்வாளர் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு போதகரின் காதில் ஏதோ சொன்னார், போதகர் நம்மைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். மற்ற முயல்கள் பெருகி என்ன ஆயின என்றால், பிள்ளைகள் அவற்றுக்கு இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயரை வைத்துவிட்டார்கள். சமையல் பார்த்த ராகேல் அம்மா முதல் முயலைக் குழம்பு வைத்த அன்று, "இது நப்தலியா, செபுலோனா?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டது. அவ்வளவுதான், பந்தி முழுவதும் ஒரே அழுகை. ஒருவரும் தட்டைத் தொடவில்லை. ராகேல் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாஸ்டரே, அடுத்த தடவை பேர் வைக்க முடியாத எதையாவது வளருங்க" என்றார்.

அதனால்தான் மீன் வந்தது. ஓடைக்குப் பக்கத்தில் குளம் வெட்டினோமே, அதில் என் உழைப்பு எவ்வளவு என்று தாங்கள் எங்கேயும் சொன்னதில்லை. தாங்கள் போட்ட இல்லத்து விழா மலரில், 'மாணவர்கள் குளம் வெட்டினர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் கேட்கிறேன், வடக்கு ஓரத்தில் பாறை வந்தபோது கடப்பாறை பிடித்தவன் யார்? இருக்கட்டும். திலாப்பியா மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. பேர் வைக்கவும் முடியவில்லை, எல்லாம் ஒரே முகம். சந்தைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஓடை வற்றிவிட்டது, அந்த வருட ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் இல்லை. போதகர் யோசித்தார், குளத்தைப் பார்த்தார். ஊரே கூடிப் பாட்டுப் பாட, முப்பது பேரைக் குளத்தில் முக்கி எடுத்தார். அதில் சாராயம் காய்ச்சும் மகாரியோவும் ஒருவன். மறுநாள் நீங்களும் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தையில் உட்கார்ந்தோம். ஒரு மீன்கூட விற்கவில்லை. வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், "எந்தக் குளத்து மீன்?" என்பார்கள், போய்விடுவார்கள். கடைசியில் ஒரு கிழவர்தான் உண்மையைச் சொன்னார்: "தம்பிங்களா, நேத்து முப்பது பேரோட பாவத்தை அந்தத் தண்ணியிலதானே கழுவினாங்க? அதையெல்லாம் இந்த மீனுங்க குடிச்சிருக்கும். மத்தவங்க பாவமாவது பரவாயில்ல, மகாரியோ பாவத்தை நான் எப்படிப்பா வீட்டுக்குக் கொண்டுபோறது?" போதகர் சந்தை நடுவில் பெட்டிமேல் ஏறி நின்று, பாவம் தண்ணீரில் கரைவதில்லை என்று வேதவசனத்தோடு விளக்கினார். கூட்டம் ஆமென் சொன்னது. மீன் வாங்கவில்லை. மகாரியோவே வாங்கவில்லை. "என் பாவத்தை நானே திருப்பி வாங்கணுமா?" என்று கேட்டான். அடுத்த மழை வரை மூன்று வேளையும் நமக்கு மீன். கஞ்சியோடு மீன், களியோடு மீன், கிறிஸ்துமஸ் சப்பாத்தியோடும் மீன். ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து, "இது பொய் சாட்சி, இது விபசாரம், இது கோழித் திருட்டு" என்று நீ எனக்குப் பிரித்துக் கொடுப்பாய். கோழித் திருட்டுதான் ருசியாக இருந்தது.

'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகும். அப்படியே இருக்கட்டும்.

சோப்பு காய்ச்சியது, காளான் வளர்த்தது, சாணக் குழியிலிருந்து வாயு பிடித்தது, அது போதகரின் புருவத்தைக் கொண்டுபோனது எல்லாம் உனக்கே தெரியும். என் வாதத்துக்கு அவை தேவையில்லை. தேவையானது மணி. அந்த வேலிக்குள் அதிகாரம் என்று ஒன்று இருந்தால் அது மணி அடிப்பதுதான். அதை உன்னிடம் கொடுத்தார்கள். என்னிடம் மாட்டைக் கொடுத்தார்கள். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டேதான் நீ சாப்பாட்டு மணியை அடிப்பாய். நான் மாட்டைக் கட்டி, கை கழுவி வருவதற்குள் களி தீர்ந்துவிடும். கேட்டால், "மணிக்கு நண்பன் கிடையாதுடா" என்பாய். சொந்தப் பிள்ளையை எவனாவது இப்படி நடத்துவானா? இது விருந்தாளியை நடத்தும் விதம்கூட அல்ல. இந்த இடத்தில் நீ ராகேல் அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பாய், அவர் களிச் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எனக்கென்று வாழையிலையில் மடித்து அடுப்பு மேட்டில் வைத்திருப்பார் என்று சொல்வாய். வைத்திருப்பார்தான். எல்லாப் பிள்ளைகளும் அந்தக் காந்தலுக்கு அடித்துக்கொள்வார்கள், நான் ஒருவன்தான் அதைத் தினமும் தின்றேன் என்பதும் உண்மைதான். "மெதுவா தின்னு, அந்த மணிக்காரன் பாத்தா பங்கு கேப்பான்" என்பார். அவர் என்மேல் இரக்கப்பட்டார், அவ்வளவுதான். அந்தச் சுவையை அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. பெரிஸ் எத்தனையோ முறை வேண்டுமென்றே களியை அடிப்பிடிக்க விட்டுப் பார்த்தாள். வரவில்லை. கரியடுப்பு வேண்டும், அந்தப் பெரிய சட்டி வேண்டும், அதில் எண்பது பேருக்குக் கிண்டிக் கை ஓய்ந்த ஒருத்தி வேண்டும்.

வாதம் எங்கோ போய்விட்டது. இப்போது என் கடைசி ஆதாரத்தை வைக்கிறேன். இதற்கு உன்னிடம் பதில் இருக்காது.

போதகர் இறந்தபோது எனக்குத் தகவல் வந்ததும், பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து வந்தேன். நான் வந்து இறங்கும்போது அடக்க ஆராதனை தொடங்கவில்லை. இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். ஒருவன் விறகு பிளக்கிறான், ஒருத்தி தண்ணீர்க் குடம் தூக்குகிறாள், நாலு பேர் குழி வெட்டுகிறார்கள், குளத்துப் பக்கம் பெரிய சட்டிகளில் பீன்ஸ் வேகிறது. துக்க வீட்டில் வேலை செய்கிறவன் வீட்டுக்காரன், உட்கார்ந்திருக்கிறவன் விருந்தாளி என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கோட்டைக் கழற்றப் போனேன். நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாய். "வாங்க சார், வாங்க! தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, இப்படி நிழல்ல உட்காருங்க" என்று என் முழங்கையைப் பிடித்து, வெளியாட்களுக்குப் போட்ட பந்தலுக்குக் கூட்டிப்போய், மாவட்ட அதிகாரிக்கும் ஒரு பிஷப்புக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு சோடாவைக் கொடுத்தாய். உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தாய். என்னை வளர்த்தவருக்கு மற்றவர்கள் குழி வெட்டிக்கொண்டிருக்க, நான் உறிஞ்சுகுழலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிஷப் என்னைப் பார்த்து, "நீங்க இந்த ஊர்தானா?" என்று கேட்டார். "இல்லீங்க, நகுரு" என்றேன். வேறு என்ன சொல்வது? ஏழு வருடமாக நான் உனக்கு ஒரு வரி எழுதாததற்கும், நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தையெல்லாம் பிரிக்காமல் வைத்ததற்கும் காரணம் அந்தச் சோடா.

ஆனால் ஆண்டவர் எதையும் வீணாக்குவதில்லை. ஏழு வருடம் என் நெஞ்சில் கிடந்த அதே சோடா இன்று என் மகனுக்கு உதவுகிறது. நான் அந்த வீட்டுப் பிள்ளை என்றால், அன்றைக்கு நீ என் கையில் மண்வெட்டியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மாவட்ட அதிகாரியும் பிஷப்பும் சாட்சி, நான் விருந்தாளி. விருந்தாளியின் மகன் இல்லத்துப் பெண்ணைக் கட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆகவே நீ உன் நிர்வாகக் குழுவைக் கூட்டி, 'எசேக்கியா லுஸ்வெத்தி எங்கள் பிள்ளை அல்ல, எங்களோடு சில காலம் தங்கியிருந்தவர்' என்று எல்லாரையும் சொல்லச் செய்து, நமால்வாவுக்கும் அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பெரிஸ் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "மண்வெட்டி குடுக்கலைன்னு இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தவரு, இப்ப 'நான் உங்க பிள்ளை இல்லைன்னு சொல்லுங்க'ன்னு கெஞ்சறீங்க. அவங்க சொல்லிட்டா தாங்குவீங்களா?" என்று கேட்டாள். மகனுக்காகத் தாங்குவேன் என்றேன். "அப்ப ஏன் பேனாவைக் கீழ வச்சுட்டீங்க?" என்றாள். மை தீர்ந்துவிட்டது என்றேன். பேனாவை மாற்றியிருப்பதை நீ எழுத்தின் நிறத்தில் பார்க்கலாம். ஆக நான் சொன்னது பொய் அல்ல.

இல்லத்துப் பிள்ளைகள் அனைவரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. மாடுகளுக்குப் பால் பெருகட்டும். உன் மனைவிக்கும், முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன், சீக்கிரம் சுகம் கிடைக்கட்டும். மணி இப்போது யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது. அடிக்கிறவர் யாரானாலும் மேட்டில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் இல்லத்தில் சில காலம் தங்கியிருந்த,
எசேக்கியா லுஸ்வெத்தி,
துணைத் தலைமையாசிரியர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெரிஸ் ஒரு கேள்வி கேட்டாள். நீ சம்மதித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு எத்தனை மாடு கொடுப்பது என்று பேச நாள் குறிப்பீர்கள். பெண் பக்கத்தில் உன் குழுவும், இல்லத்தில் வளர்ந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளுமாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கத்தில் நான், பெரிஸ், காலேப், அவனுடைய இரண்டு நண்பர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வாயைத் திறக்கக் கூடாது, தகப்பனுக்கு அண்ணன்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். "உங்க பக்கம் யாரு பேசுவா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரை யோசித்தேன், அவர் குடிப்பார். தலைமையாசிரியரை யோசித்தேன், அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. தாய்மாமன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன், அண்ணே, வேறு ஒருவர் பேரும் மனதில் வரவில்லை. ஆகவே அன்றைக்கு நீ பெண் பக்கத்தில் உட்காராதே, அதற்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய். நீ என் பக்கம் வந்து உட்கார். 'இவங்க யாரோட ஆளுங்க?' என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவுடன் எழுந்து நின்று, இவன் என் தம்பி, இது என் தம்பி மகன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல். அப்படிச் சொன்ன பிறகு இந்தக் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று என்னைக் கேட்காதே. அதையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னே அண்ணன் என்று ஒருவன் எதற்கு?